பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை

கேள்வி: வயது 36. பதினோரு வருடமாகப் பல் டாக்டர் பக்கமே போகவில்லை. போன வாரம் கண்ணாடியில் பார்த்தால் ஏழு பல்லைப் பூச்சி அரித்திருக்கிறது. அதில் ஒரு கடைவாய்ப்பல் ராத்திரியில் தெறிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிட முடியுமா? இனி வேப்பங்குச்சிக்கு மாறிவிடலாம் என்றிருக்கிறேன், சரியா?
— பெயர் வேண்டாம், பண்ருட்டி

பதில்: காதல் விவகாரத்துக்கு யோசனை கேட்பவர்கள்கூட இந்தப் பக்கத்தில் ஓர் இனிஷியலாவது போடுவார்கள். பல் சொத்தைக்குப் பெயரை மறைப்பானேன்? டாக்டர் திட்டுவாரே என்று தள்ளிப்போடுவது, தள்ளிப்போட்டதற்குத் திட்டுவாரே என்று இன்னும் தள்ளிப்போடுவது. பதினோரு வருடம் இப்படித்தான் போயிருக்கும். அவர் தினமும் பார்ப்பதே இந்த மாதிரி வாயைத்தான். ஏழெல்லாம் அவருக்குச் சாதாரணம்.

இருக்கட்டும். ‘பூச்சி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் கவனிப்போம். பாபிலோன்காரர்கள் களிமண் பலகையில் எழுதிவைத்த ஒரு மந்திரத்தில், பல்புழு தெய்வத்திடம் போய், ‘அத்திப்பழமெல்லாம் எனக்கு எதற்கு? பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இடம் கொடு’ என்று மனுப்போடுகிறது. முறைப்படி விண்ணப்பித்துக் குடியேறிய ஆக்கிரமிப்பாளர்! நம் ஊரில் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு வாய்க்குப் புகை பிடிப்பார்கள். ஐரோப்பாவில் ஹென்பேன் விதையில் இதே வித்தை. இரண்டும் கத்திரிக்காய்க் குடும்பம்தான். சூட்டில் வெடித்த விதையிலிருந்து பிதுங்கும் வெள்ளை முளைக்கருவைக் காட்டி ‘இதோ புழு’ என்று அங்கே காசு வாங்கினார்கள். பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் சொத்தையை உருப்பெருக்கியில் வைத்துத் தேடிப்பார்த்தார். புழு அகப்படவில்லை என்று 1728இல் புத்தகத்திலும் எழுதிவிட்டார். முந்நூறு வருடம் ஆகப்போகிறது, சேதி இன்னும் பண்ருட்டிக்கு வந்து சேரவில்லை.

அரிப்பது அமிலம். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவையும் தின்று அதைக் கக்குகின்றன. புளிப்பு ஏற ஏறக் குறைகிற பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும். ஆகவே எவ்வளவு தின்றீர்கள் என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. கால் கிலோ அல்வாவை ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கை கழுவுகிறவரைவிட, சர்க்கரை போட்ட டீயை மேஜையில் வைத்து மத்தியானம் வரை மடக்கு மடக்காக உறிஞ்சுகிறவருக்குத்தான் பல் சீக்கிரம் போகும். (அல்வாக்காரருக்கு வேறு டாக்டர் இருக்கிறார்.)

பூச்சி என்று நம்புவதில் ஒரு ஆபத்தும் உண்டு. வலி தானாக நின்றதும் ‘பூச்சி செத்துவிட்டது’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். செத்தது பல்லின் நரம்பு. பிறகு வேர் நுனியில் சத்தமில்லாமல் சீழ் கட்டும். உங்கள் கடைவாய்ப்பல் தெறிப்பதை நிறுத்தினால் தேங்காய் உடைக்காதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

ஒரே நாளில் முடியுமா? கூடாது. முதல் நாள் எக்ஸ்ரே. முழு வாய்க்கும் சேர்த்து எடுக்கும் ஓ.பி.ஜி. படத்தில் இரண்டு பல்லுக்கு இடையே ஒளிந்திருக்கும் சின்னச் சொத்தை தப்பிவிடும். அதற்குப் பல்லைக் கடித்தபடி எடுக்கும் சிறு படம் வேண்டும். கண்ணாடியில் நீங்கள் எண்ணிய ஏழு அங்கே ஒன்பதாகலாம். வெறும் கறை இரண்டு கழிந்து ஐந்தாகவும் ஆகலாம்.

தெறிக்கிற பல்தான் முதல் வேலை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று வந்து சில நொடியில் போகிற வலி என்றால் அடைத்தால் போதும். சூட்டுக்கு வலித்து நிமிடக்கணக்கில் நின்றால், அல்லது ஒன்றும் செய்யாமலே ராத்திரி எழுப்பினால், நரம்பு கெட்டிருக்கிறது. அநேகமாக ரூட் கெனால்தான். கடைவாய்ப்பல்லின் வேருக்குள் நரம்பு ஓடும் மூன்று, நான்கு கால்வாய்கள் இருக்கும். ஒன்று விட்டுப்போனாலும் வலி திரும்பும். சுத்தம் செய்தபின் உள்ளே அடைப்பது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். மலேயாக் காடுகளில் வடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிக்கு இதைத்தான் உறையாகப் போட்டார்கள். கண்டம் விட்டுக் கண்டம் சேதி போக உதவிய பொருள், இப்போது சேதியே போகாமலிருக்க உங்கள் பல்லுக்குள். மேலே கேப் போடாமல் விட்டால் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் இரண்டாகப் பிளக்கும்.

மற்றவற்றில் ஆழமானவற்றை உடனே சுரண்டித் தற்காலிக சிமென்ட் வைத்து மூடச் சொல்லுங்கள். வரிசை வருவதற்குள் அவையும் நரம்பைத் தொட்டுவிடக் கூடாது. அடுத்தது க்ளீனிங். ஈறு வீங்கி ரத்தம் கசிகிற இடத்தில், சொத்தையை அடைக்கும் பல் நிறப் பொருளான கம்போசிட் ஒட்டாது. ‘க்ளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்பார்கள். பல்லில் படிந்து இறுகிய காரை முட்டுக்கொடுத்து நிற்கிற பல் ஏற்கெனவே ஆடுகிற பல்தான். (மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பவருக்கு இன்னொரு இதழில் பதில்.)

பிறகு பக்கம் பக்கமாக. வலது மேலும் கீழும் ஒரு நாள், இடது இன்னொரு நாள். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் அந்தப் பக்கத்து உதடும் நாக்கும் மணிக்கணக்கில் மரத்துக்கிடக்கும். இரண்டு பக்கமும் மரத்தால் சோற்றோடு நாக்கையும் சேர்த்து மெல்லுவீர்கள்.

கம்போசிட்டுக்குப் பரம எதிரி எச்சில். பஞ்சோ ரப்பர் விரிப்போ வைத்துப் பல்லைக் காயவைத்து, அமில ஜெல் பதினைந்து நொடி தடவிக் கழுவி, பசை பூசி, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்காக நீல விளக்கில் இறுக்க வேண்டும். மொத்தமாக அப்பி ஒரே தடவை விளக்கடித்தால் அடியில் இளகலாகவே இருக்கும். முன்பு வைத்த சிமென்ட்டில் கிராம்பு எண்ணெய் இருந்தால் முழுக்கச் சுரண்டி எடுக்காதவரை மேலே வைக்கிற கம்போசிட் சரியாக இறுகாது. இரண்டு பல்லுக்கு இடையில் அடைத்தால் சின்னத் தகடும் ஆப்பும் செருகியே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சந்து விழும், அதற்குப்பின் கீரை நார் நிரந்தர வாடகைதாரர்.

கடைசியில் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். மரத்த வாய்க்கு மேடு பள்ளம் தெரியாது. மறுநாள் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால் ‘பழகிவிடும்’ என்று இருக்காதீர்கள், திரும்பிப் போய் இரண்டு நிமிடம் தேய்த்துக்கொண்டு வாருங்கள். ஒன்றிரண்டு வாரம் லேசாகக் கூசுவது சகஜம். அதுவரை வலி மாத்திரையை விழுங்குங்கள். பல்லின் ஓரத்தில் அடக்கிவைத்தால் ஈறு வெந்துபோகும்.

வேப்பங்குச்சி. ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதில் வேப்பமரம் எங்கே ஐயா வந்தது? வேல் என்றால் வேலமரம், கருவேலம். குச்சி எதுவானாலும், எனாமலை அமிலத்திலிருந்து காக்கும் ஃபுளோரைடு அதில் கிடையாது, பல்லிடுக்கிலும் நுழையாது. ஆயிரம் பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டால் காலையிலும் படுக்குமுன்னும் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டுக் கொப்பளிக்காமல் விடுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவதால் ராத்திரித் தேய்ப்பை மட்டும் தவறவிடவே கூடாது. தருமபுரி வாசகர்கள் கோபிக்க வேண்டாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல் காவியேறுவது வருடக்கணக்கில் குடிப்பதால், பேஸ்ட்டைத் துப்புவதால் அல்ல.

வேல் என்றால் வேம்புதான் என்று மூன்று கடிதம் போட்ட செய்யாறு வாசகருக்கும் இதுவே பதில். நான்காவதும் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறேன்.