தேரி மண்ணுக்கும் உவரிக் கடற்கரைக்கும் எந்த மெட்டல் டிடெக்டர்?

கேள்வி: பொழுதுபோக்குக்காக மெட்டல் டிடெக்டர் வாங்க ஆசை. திசையன்விளைப் பக்கம் எங்கள் விளை முழுக்கத் தேரி மண். உவரிக் கடற்கரையிலும் தேடிப் பார்ப்பேன். முதல் கருவி மலிவானதாக இருந்தால் போதுமா? பத்தடி ஆழத்துத் தங்கத்தைக் காட்டும் என்று ஒருவர் ஒரு கருவியைச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அந்தப் பத்தடிக் கருவிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டிடெக்டரின் அடியில் இருக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ (coil) மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகம் அதற்கு எதிராக ஒரு சிறு புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. காயிலின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில், தூரம் இரட்டிக்கும்போது போகும் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும், திரும்பும் புலமும் அப்படியே. ஆக, சிக்னல் 64-ல் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்துபோகும். நல்ல தொடக்கநிலைக் கருவி ஒற்றை நாணயத்தை 15 முதல் 20 செ.மீ. வரை காட்டும். குடம், அண்டா போன்ற பெரிய பொருள் என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். கைப்பிடியில் இரண்டு ஆன்டெனாக் கம்பியை மட்டும் நீட்டிக்கொண்டு, காயிலே இல்லாமல் வருபவை டிடெக்டரே அல்ல.

உங்கள் ஊரில் ஆழத்தைவிட மண்தான் முக்கியம். தேரியின் செம்மணல் இரும்பு ஆக்சைடு பூசியது. இல்மனைட் என்ற இரும்பு கலந்த கரிய கனிமத் துகளும் கலந்திருக்கும். உவரி முதல் கூடங்குளம் வரை கடலோரத்தில் கறுப்புக் கோடு கோடாகத் தெரிவதும் இல்மனைட், கார்னெட் மணல்தான். ஒரு வலுவான காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உங்கள் விளை மண்ணில் நாலு முறை இழுத்துப் பாருங்கள். பையின் வெளிப்புறம் கறுப்பு மீசை முளைத்ததுபோல் துகள் ஒட்டினால், அந்த மண்ணே கருவிக்கு உலோகம்போலத் தோன்றும். மலிவான கருவி அங்கே விடாமல் கத்தும். சத்தம் தாங்காமல் சென்சிடிவிட்டியைக் குறைத்தால் அரை ஜாண் ஆழத்து நாணயமும் தப்பிவிடும்.

இதற்கு மருந்து கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணிலிருந்து வரும் சிக்னலைக் கருவி ஒதுக்கும்படி சமன் செய்வது. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி, 3 செ.மீ. வரை இறக்கி, மறுபடி தூக்கி, அதற்கான பொத்தானை அழுத்தியபடியே சத்தம் சீராகும் வரை செய்ய வேண்டும். செம்மண்ணிலிருந்து கறுப்பு மணலுக்குப் போனால் மறுபடி செய்ய வேண்டும். அதனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வசதிதான். காரெட் ஏஸ் 300 நல்ல பெயர் பெற்ற கருவி. ஆனால் அதில் கிரவுண்ட் பேலன்ஸ் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. தேரிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். நோக்டா சிம்ப்ளக்ஸ் பிளஸ் 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே ஃப்ரீக்வென்சியில் ஓடுவது. மண்ணுக்கேற்ப நீங்களே சமன் செய்யலாம், தண்ணீருக்குள்ளும் இறக்கலாம். விளையில் தேடுவதே அதிகம் என்றால் இதுபோன்ற ஒன்றை வாங்குங்கள்.

கடற்கரை வேறு கணக்கு. அலை நனைத்த மணலில் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை ஃப்ரீக்வென்சிக் கருவி திணறும். அலை எட்டாத காய்ந்த மணலில் நன்றாக ஓடும். ஈர மணலிலேதான் தேடுவேன் என்றால் மைன்லேப் வான்குவிஷ் போலப் பல ஃப்ரீக்வென்சியை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கருவி வேண்டும். காயில் டபுள் டி வகையாக, அதாவது D வடிவச் சுருள் இரண்டு உள்ளதாக இருக்கட்டும். கனிமம் மிகுந்த மண்ணில் வட்டவட்டமான கான்சென்ட்ரிக் காயிலைவிட அது நிதானமாக நடக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. புதிதாக வாங்கியவர்கள் இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைப் போட்டுவிட்டு, பனையடியில் கிடக்கும் ஆணி, லாடம், வேலிக்கம்பித் துண்டு எதுவும் கத்தவில்லை என்று மகிழ்வார்கள். ஆனால் 1990-களிலிருந்து வந்த 1 ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எஃகு. பல கருவிகள் அதை இரும்பென்று தள்ளிவிடும், அல்லது உடைந்த சத்தம் தரும். உலோகத்தின் வகைக்கேற்பக் கருவியின் திரை ஓர் எண்ணைக் காட்டும்; மெல்லிய தங்க மோதிரமோ அலுமினியத் தாள் விழும் எண்களிலேயே விழும். தாளை ஒதுக்கினால் மோதிரமும் போய்விடும். சங்கிலி இன்னும் கஷ்டம். கண்ணி ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு பொருளாகவே கருவிக்குத் தெரியும். ஆகவே வீட்டுக் கொல்லையில் 1 ரூபாய், 10 ரூபாய், பழைய அலுமினிய 10 பைசா, ஒரு சோடா மூடி, ஒரு ஆணி ஆகியவற்றை 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் புதைத்து, இடத்துக்கு ஒரு குச்சி நட்டு, எல்லாச் சத்தத்தையும் காதுக்குப் பழக்குங்கள். காயில் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், முனையில் மேலே தூக்காமல் நகர வேண்டும். வீச்சின் முனையில் தூக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

எங்கே தேடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை போன்ற தொல்லியல் இடங்கள் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வில் ஆதிச்சநல்லூரில் பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தது உண்மை. ஆனால் எந்த மண்ணடுக்கில், எந்தத் தாழியோடு கிடந்தது என்ற செய்தி போய்விட்டால், தோண்டி எடுத்த பொருள் ஊமையாகிவிடும். அந்த இழப்பை யாராலும் ஈடுசெய்ய முடியாது. சொந்த விளையிலும் சட்டம் உண்டு: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், என்ன பொருள், எங்கே, எப்போது கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அடுத்தவர் விளை என்றால் முதலில் உடையவரிடம் கேளுங்கள்.

கருவி கைக்கு வந்ததும் காயில் கேபிளைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள். அது தொங்கி ஆடினாலே பொய்ச் சத்தம் வரும். பலர் கருவி பழுது என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். ஹெட்போனும் வாங்கிக்கொள்ளுங்கள், உவரிக் காற்றில் ஸ்பீக்கர் சத்தம் காதில் விழாது.