அறுத்துப் போட்ட நூல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பவானி எனக்குச் சொந்த ஊர். பதினோரு வருஷமாக இங்கிலாந்தில், பிரைட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. நீங்கள் தறிக்கார வீதியில் வளர்ந்தவர் என்பதால் இதை உங்களுக்கு எழுதத் தோன்றியது.

போன வருஷம் இங்கே ஒரு நெசவுச் சங்கத்தில் சேர்ந்தேன். நூற்பவர்கள், நெய்பவர்கள், சாயம் போடுபவர்கள் என்று முப்பது பேர். பாதிக்கு மேல் ஓய்வு பெற்ற பெண்கள். மாதம் ஒரு சனிக்கிழமை தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் கூடுவோம். ஒருவர் ராட்டையில் ஆட்டு ரோமம் நூற்றுக்கொண்டே கதை பேசுவார். இன்னொருவர் வெங்காயத் தோலில் சாயம் ஏற்றிய நூலைக் கொண்டுவந்து பரப்புவார். அலமாரி நிறையப் புத்தகங்கள். தறி இல்லாதவர்களுக்குச் சங்கமே வாடகைக்குத் தருகிறது. நானும் நாலு விழுது (நீளவாக்கு நூலான பாவைத் தூக்கி இறக்கும் கண்ணிச் சட்டம்) வைத்த மேஜைத்தறி ஒன்றை எடுத்து வந்து, மூன்று மாதம் மல்லுக்கட்டி, இரண்டு கைத்துண்டு நெய்தேன்.

அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பாரும் அப்பத்தாளும், அதாவது அப்பாவைப் பெற்றவர்கள், ஜமக்காளத் தறிக்காரர்கள். அகல ஜமக்காளம் என்றால் இருவரும் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கைமாற்றிக்கொண்டு நெய்வார்கள். அப்பா இரண்டு நாள் பதிலே போடவில்லை. பிறகு கூப்பிட்டு, "உங்க அப்பாரு எங்களத் தறிக்குழில எறங்க உடாமப் படிக்க வெச்சாரு. நீ காசு குடுத்துப் போயி எறங்கறயாக்கும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது.

அவர்கள் வயிற்றுக்குச் செய்ததை நான் பொழுதுபோக்குக்குச் செய்வது அவர்களைக் கேலி செய்வது போலாகிவிடுமா? அப்பாரு உறுப்பினராக இருந்ததும் சங்கம்தான், இதுவும் சங்கம்தான். இரண்டையும் ஒரே பெயரால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு துணி முடிந்ததும் மிச்சப் பாவு அறுபது சென்டிமீட்டரை அறுத்துக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். போட்டேன். அன்றைக்கு அப்பத்தாள் முகம் நினைவுக்கு வந்தது.

ச.,
பிரைட்டன்

அன்புள்ள ச.,

உங்கள் அப்பா சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தறிக்குழி என்ற சொல்லை அவர் சும்மா எடுக்கவில்லை. இடுப்பளவுக் குழி, அதற்குள் இரண்டு காலும் மிதியும். ஐப்பசி மழையில் குழியில் ஊற்றெடுக்கும். காலையில் சொம்பால் மொண்டு ஊற்றிவிட்டுத்தான் உட்காரவே முடியும். ஈரத்தில் பாவு நமுத்துப்போய் இழை இழையாக அறும். நெய்த முழத்துக்குத்தான் கூலி, ஆகவே மழைக்காலம் என்றால் கடன் காலம். அதிலிருந்து ஒரு பிள்ளையைக் கரையேற்றியவரின் மகன் பேசிய பேச்சு அது. அவர் உங்களைக் கேட்டதாக எனக்குப் படவில்லை, தன் அப்பாவுக்குக் கணக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்.

நான் வளர்ந்தது சென்னிமலையில். போர்வையும் படுக்கை விரிப்பும் நெய்கிற ஊர். கைத்தறிக் கூட்டுறவை வளர்த்ததற்காக எம்.பி. நாச்சிமுத்து பத்மஸ்ரீ வாங்கிய ஊர். எங்கள் வீட்டில் தறி கிடையாது, பக்கத்து வீட்டில் இரண்டு. கோடை விடுமுறையில் அந்த வீட்டு அக்காவுக்குத் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல் கண்டு, சுற்றிக் கொடுப்பேன். நூல் கட்டான சிட்டத்திலிருந்து ராட்டையில் நூலை இழுத்துத் தாரில் ஏற்ற வேண்டும். பத்துத் தாருக்கு இவ்வளவு என்று சில்லறை கிடைக்கும். ஒருநாள் இடையில் நூல் அறுந்துபோனது. முடிச்சுப் போடச் சோம்பல்பட்டு, அறுந்த நுனியை அப்படியே மேலே வைத்துச் சுற்றிவிட்டேன். அக்காவும் அதைக் கவனிக்காமல் நெய்துவிட்டார்.

சங்கம் என்ற ஒன்றை நான் முதலில் பார்த்தது அந்த வாரம்தான். துணி ஒப்படைக்கும் நாள். திண்ணையில் நீண்ட மேஜை, கணக்குப் புத்தகத்தோடு குமாஸ்தா. மேஸ்திரி போர்வையை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓர் ஊடை, அதாவது குறுக்கு நூல், பாதியில் நின்று, அடுத்தது தொடங்கும் இடத்தில் மயிரிழை அளவுக்குச் சந்து. அதைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். கூலியில் பிடித்தம். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் அன்றைய சில்லறையைக் குறைக்காமல் கையில் கொடுத்தார். அதற்கு அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

உங்கள் அப்பாரு இருந்தது அப்படிப்பட்ட சங்கம். நூல் தரும், துணியை வாங்கும், அளக்கும், பிடிக்கும், சிக்கன நிதியென்று கொஞ்சம் ஒதுக்கும், தீபாவளிக்கு போனஸ் தரும். தறிக்காரர் தனி வியாபாரியிடம் கடன்பட்டு மூழ்காமல் இருப்பதற்காக எழுந்த ஏற்பாடு. இந்தச் சங்கங்களின் துணியை விற்க 1935இல் உண்டானதுதான் கோ-ஆப்டெக்ஸ். அப்படியும் துணி தேங்காமல் இல்லை. 1953இல் நெசவாளர்கள் கஞ்சித்தொட்டிக்கு வரிசையில் நின்றபோது அண்ணாவும் தி.மு.க.வினரும் தெருத்தெருவாகக் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விற்றார்கள். 1985இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. எந்தெந்தத் துணியை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று அதன்கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் ஊர் ஜமக்காளமும் அதில் உண்டு. சட்டம் அப்படியே இருக்க, விசைத்தறி ஜமக்காளம் சந்தையில் பாதி விலைக்குக் கிடைப்பது உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

இனி உங்கள் சனிக்கிழமைச் சங்கம். இங்கிலாந்திலும் ஆதியில் நெசவுச் சங்கம் என்றால் வயிற்றுப்பாட்டுச் சங்கம்தான். லண்டன் நெசவாளர் சங்கத்துக்கு இரண்டாம் ஹென்றி மன்னர் 1155இல் பட்டயம் கொடுத்திருக்கிறார். சங்கத்தில் இல்லாதவன் அந்நகரில் தறி போடக்கூடாது, அந்த உரிமைக்காக வருஷாவருஷம் அரசனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பிறகு வந்த நீராவித் தறி நெசவாளர்களைத் தின்று தீர்த்துவிட்டது. தேவாலயக் கூடத்தில் கேக்கோடு கூடும் உங்கள் சங்கம் அந்தப் பழைய மரத்தின் கிளை இல்லை, வேறொரு விதையிலிருந்து முளைத்தது.

அந்த விதையில் ஒரு துண்டு நம் பக்கத்துக் காற்றில் பறந்து போனது என்றால் நம்புவீர்களா? எதல் பார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலப் பெண் ஆனந்த குமாரசாமியை மணந்து 1903இல் இலங்கைக்கு வந்தார். ஆனந்த குமாரசாமி, கொழும்புத் தமிழர் சர் முத்து குமாரசாமியின் மகன். அப்போது அவர் கலை விமர்சகர் இல்லை, இலங்கையின் கனிமங்களை ஆராய வந்த நிலவியலாளர். பாறை பார்க்கப் போன ஊர்களில் கண்டிய நெசவாளர்களையும் தட்டார்களையும் பாய் முடைபவர்களையும் கணவன் மனைவி இருவருமாகக் குறிப்பெடுத்தார்கள். எதல் படம் பிடித்தார். 1907இல் திரும்பினார்கள், பிறகு மணமுறிவு. எதல் தறியில் உட்கார்ந்தது அதற்கப்புறம்தான். மறுமணம் செய்து எதல் மேரெட் ஆனார். 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். டிச்லிங் என்ற கிராமத்தில் பட்டறை வைத்து, 1952இல் இறக்கும்வரை ஊர் ஊராக வந்தவர்களுக்கு நூற்கவும் சாயமேற்றவும் நெய்யவும் சொல்லிக் கொடுத்தார். அவரோடு வேலை செய்த எலிசபெத் பீகாக் போன்றவர்கள்தான் 1931இல் நெசவு, நூற்பு, சாயச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் கிளைத்த அப்படிப்பட்ட சங்கங்களுக்கு 1955இல் ஒரு கூட்டமைப்பும் வந்தது.

டிச்லிங் உங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம் இருக்காது. அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். அதே கிராமத்தில் கைவினைஞர்களின் கத்தோலிக்கச் சங்கம் ஒன்றும் 1989 வரை நடந்தது. பட்டு நெய்தார்கள், எழுத்துச் செதுக்கினார்கள், வெள்ளி வேலை செய்தார்கள். அதில் முதல் பெண் உறுப்பினரைச் சேர்க்க 1970கள்வரை ஆயிற்று. அவரும் நெசவாளர்தான். (நம் ஊரில் தாரும் பாவும் பெண்கள் கையில், சங்கத்துப் பாஸ்புத்தகம் ஆண் பெயரில். இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.)

ஆக, உங்கள் சங்கம் இயந்திரத்துக்குப் பிறகு பிறந்தது. வயிற்றை அது கவனிக்க வேண்டியதில்லை. இருக்கிற வித்தை கைநழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. இரண்டு சங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் குப்பையில் போட்டீர்களே, அந்த அறுபது சென்டிமீட்டரில் இருக்கிறது.

நம் தறிக்காரர் ஒரு பாவு முடிந்ததும் அதை முழுக்க உருவி எடுப்பதில்லை. விழுதிலும், ஊடையைத் தட்டி நெருக்கும் சீப்பான அச்சிலும் கோத்த நூலை அப்படியே விட்டுவைத்து, விழுதுக்குப் பின்னால் ஒரு சாண் வாலை விட்டு அறுப்பார். புதுப் பாவு வந்ததும் பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்து ஒவ்வொன்றாகப் பிணைப்பார். முடிச்சுப் போடுவதில்லை. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, மடக்கி இன்னொரு முறுக்கு, அவ்வளவுதான். அங்குலத்துக்கு 40 இழை என்றால் 48 அங்குலப் பாவுக்கு 1920 முறுக்கு. பக்கத்து வீட்டு அக்கா இதைச் செய்யும்போது நான் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண் நூலில் இருக்காது. வாசலில் போகிறவரிடம் பேசிக்கொண்டிருப்பார், கட்டைவிரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிணைத்து முடிந்ததும் மெல்ல இழுத்தால் புது நூல் பழைய நூலின் பின்னாலேயே விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் நுழைந்து வந்துவிடும். இழை எண்ணிக் கோக்கிற வேலையே இல்லை. ஒருமுறை கோத்தது வருஷக்கணக்கில் நிற்கும்.

நூல் வீணாகாது, நாள் வீணாகாது, அது லாபம். நஷ்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எந்த இழை எந்த விழுதில் என்கிற கோர்ப்பு மாறாததால் நெசவும் மாறாது. ஜமக்காளத்தில் ஊடையின் நிறத்தை மாற்றிப் பட்டை பட்டையாக விதம் காட்டலாம், விழுதில் கைவைக்க மாட்டார்கள். கோர்ப்பை மாற்ற ஒரு நாளோ இரண்டு நாளோ போகும், அந்த நாளுக்குக் கூலி யார் தருவது? முப்பது வருஷம் நெய்தவருக்குக்கூட வேறு கோர்ப்பு கோக்கும் வாய்ப்பு வந்திருக்காது. கோக்கத் தெரிந்த ஓரிருவர் ஊரில் இருப்பார்கள். அவர்கள் எழுதி வைக்க மாட்டார்கள், மகனுக்குச் சொன்னால் உண்டு.

உங்கள் சங்கத்தில் ஒவ்வொரு தடவையும் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து கோக்கிறீர்கள். எந்த இழை எந்த விழுதில், எந்த மிதி எப்போது என்று கட்டம் போட்ட தாளில் எழுதி வைக்கிறீர்கள். அதனால்தான் அந்த அலமாரியில் அவ்வளவு புத்தகம். மூன்று மாதத்தில் இரண்டு துண்டு என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் அப்பாரு ஆயுசுக்கும் செய்யாத ஒன்றை நீங்கள் அதில் செய்திருக்கிறீர்கள். அவர் ஒரே நாளில் நெய்ததை உங்களால் ஒரு வருஷத்தில் நெய்ய முடியாது என்பதும் உண்மைதான். கேலி என்று சொன்னால் யார் யாரைக் கேலி செய்வது? நம் கூட்டுறவுச் சங்கங்கள் எண்பது, தொண்ணூறு வருஷமாகக் கூலியைப் பதிந்து வைத்த அக்கறையில் கால்வாசி அக்கறையோடு கோர்ப்பைப் பதிந்து வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். அதைச் செய்ய உங்கள் கூடத்தில் இருப்பது போல முப்பது பேரும் ஓர் அலமாரியும் போதும். நம் ஊரில் அதைத் தொடங்க ஆள் இல்லை.

வித்தையை விட்டு வெளியேறுவது பாவமா என்பதும் உங்கள் கடிதத்தின் அடியில் கேள்வியாக இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு கல்வெட்டு உண்டு. தென் குஜராத்திலிருந்து மாளவத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் சங்கம் சூரியனுக்குக் கோயில் கட்டி, கி.பி. 473இல் அதைப் பழுதுபார்த்தபோது வெட்டியது. அதில் தங்கள் ஆட்களைப் பற்றியே சொல்கிறார்கள்: சிலர் வில்வித்தைக்குப் போனார்கள், சிலர் கதை சொல்வதில் தேர்ந்தார்கள், சிலர் சோதிடம் கற்றார்கள், சிலர் நெசவிலேயே இருந்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லை. எல்லோரையும் சங்கத்தார் என்றே பெருமையாகச் சொல்கிறார்கள். மென்பொருளுக்குப் போனவர்களையும் அதில் சேர்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். அடுத்த துணி முடியும் தறுவாயில் யார் சொன்னாலும் பாவை உருவ வேண்டாம். முன்பக்கம் துணியை அறுத்து எடுத்துவிட்டு, அச்சுக்கு முன்னால் இருக்கிற நூலைக் கொத்துக் கொத்தாக முடிந்துவிடுங்கள், பின்னால் உருவிப் போகாது. விழுதுக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு அறுங்கள். புதுப் பாவை ஏற்றிவிட்டு அப்பாவை வீடியோவில் கூப்பிடுங்கள். தறியில் உட்கார விடாவிட்டாலும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் பாவு பிணைக்கவாவது கூப்பிடாமல் இருந்திருக்க மாட்டார்கள். அங்கே சாம்பலுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம், சாமி அலமாரியில் திருநீறு இருக்குமே. முதல் முறுக்கை அவர் உள்பக்கமாகப் போடுகிறாரா வெளிப்பக்கமாகவா என்று பார்த்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அக்கா எப்படிப் போட்டார் என்பது எனக்கு மறந்துவிட்டது.