சீகன்பால்க்: பெயரை எப்படிச் சொல்வது, என்ன அர்த்தம்? (கேள்வி பதில்)

கேள்வி: 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் பெயரைச் சிலர் சீகன்பால்கு என்கிறார்கள், சிலர் ஜீகன்பால்க் என்கிறார்கள். எது சரி, அண்ணா?

பதில்: இரண்டுமே கொஞ்சம் தள்ளித்தான் நிற்கின்றன. அவர் ஜெர்மன்காரர், பெயர் இசட்டில் தொடங்கும் (Ziegenbalg); ஜெர்மனில் இசட் எழுத்துக்கு ஜ ஒலி கிடையவே கிடையாது. பீட்ஸா என்னும்போது நடுவில் 'ட்ஸ்' வருகிறதே, அதைத் தூக்கி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் க, 'தங்கம்' என்பதில் உள்ள க. கடைசியில் எழுதுவதும் அதே எழுத்துதான், ஆனால் சொல்லின் முடிவில் வந்தால் ஜெர்மன்காரர்கள் அதை 'பாக்கு' என்பதில் வரும் க் போல வன்மையாக்கிவிடுவார்கள். அப்புறம், 'பா' நெடில் இல்லை, குறில். ஆக ட்ஸீகன்பல்க், அழுத்தம் முதல் அசையில்.

கேள்வி: அர்த்தம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, நமக்கு நெருக்கமான அர்த்தம். ட்ஸீகெ என்றால் வெள்ளாடு. பல்க் என்றால் மிருகத்தின் உடலிலிருந்து உரித்தெடுத்த தோல், அதாவது பழைய காலத்தில் பையாகவோ கொல்லன் பட்டறைக்கோ பயன்பட்டதே, நம்ம துருத்தி, அதற்கும் அங்கே இதே சொல்தான்: ஊதுகிற துருத்தியைப் பிளாஸபல்க் என்பார்கள். தோலோடு தொழில் செய்தவருக்கு இப்படிப் பட்டப்பெயர் ஒட்டி, அதுவே குடும்பப் பெயராவது அந்த ஊரில் சகஜம்.

கேள்வி: ஆட்டுத்தோல் என்று பெயர் வைத்துக்கொண்டால் கிண்டல் செய்ய மாட்டார்களா, சார்?

பதில்: 1982 முதல் 1998 வரை ஜெர்மனியில் ஆட்சித் தலைவராக இருந்த ஹெல்முட் கோல், பெயரிலேயே முட்டைக்கோஸ். ஆனால் கார்ட்டூன்காரர்கள் அவரை முட்டைக்கோஸாக வரையாமல் பேரிக்காயாக வரைந்தார்கள், தலையின் வடிவம் அப்படி!

கேள்வி: கார் பந்தய வீரர் ஷூமாக்கர் பெயருக்கு?

பதில்: செருப்புத் தைப்பவர். 'க்க' வேண்டாம், தொண்டையைக் கரகரவென்று உரசும் ஹ. கடைசி ர் காதில் விழாது, 'அ' மாதிரி முடியும்.

கேள்வி: சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர்?

பதில்: மாவு மில்காரர். ஜெர்மனியில் இதைவிட அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் வேறு இல்லை. உதட்டை 'உ' சொல்வதுபோல் குவித்து, உள்ளே 'இ' சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். கண்ணாடி முன்னால் வேண்டாம், சிரிப்பு வரும்.

கேள்வி: அப்படியானால் கட்டுரையில் ட்ஸீகன்பல்க் என்றா எழுதுவது?

பதில்: வேண்டாம். தமிழில் மெய்யெழுத்தில் சொல்லைத் தொடங்கினால் தமிழாசிரியர் விடமாட்டார். சீகன்பால்க் என்பது பழகிப்போன வடிவம், அதையே எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போது பீட்ஸாவை நினைத்துக்கொண்டால் போதும். ஜ மட்டும் போடாதீர்கள்.