மலையில் வேலை செய்பவருக்கு டூல் பாக்கெட் வைத்த பேண்ட், வெஸ்ட்: எந்தத் துணி, என்ன அளவு?

கேள்வி: கோத்தகிரியில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங் வேலை. படி ஏறி இறங்கும்போது டூல் பை பெரிய இடைஞ்சல். கருவிகளை உடுப்பிலேயே வைத்துக்கொள்கிற மாதிரி பேண்ட்டும் வெஸ்ட்டும் (கையில்லாத மேலுடுப்பு) தைத்துக்கொள்ள முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் ஆன்லைனில் விற்கிற பத்துப் பாக்கெட் பேண்ட்டின் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று டெய்லரிடம் சொல்லாதீர்கள். அதெல்லாம் சமதரையில் நடப்பவருக்கு வெட்டியது. உங்கள் ஊரில் அந்த அளவுகளை இரண்டு விஷயம் கெடுத்துவிடும்: காலைத் தூக்கி ஏறும் உயரப் படி, லேசில் காயாத ஈரம்.

முதலில் படி. தோட்டத்துக் கல்படியில் ஏறும்போது தொடையோடு பாக்கெட்டும் எழும். அதனால் தொடைப் பாக்கெட்டின் அடி, முழங்கால் மடிப்புக்கு 8 செ.மீ. மேலேயே முடிந்துவிட வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் பிளேயர் முட்டியில் இடிக்கும். கவட்டையில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சேர்வதால் முதலில் கிழிவது அந்த இடம்தான். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சாய்சதுரத் துண்டு ஒன்றை அங்கே சேர்த்துத் தைத்தால், இழுவை நாலு பக்கமும் பிரிந்துபோகும். பேண்ட் எவ்வளவு லூசாக இருந்தாலும் இந்தத் துண்டுக்கு ஈடாகாது.

பாக்கெட் அளவைக் கருவியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 8 அங்குல கட்டிங் பிளேயரின் நீளம் சுமார் 20 செ.மீ.; அதற்கு ஆழம் 14, அகலம் 8 செ.மீ. போதும். கைப்பிடி 6 செ.மீ. வெளியே நின்றால்தான் பார்க்காமலே எடுக்க வரும். ஸ்க்ரூ டிரைவருக்கு 3.5 செ.மீ. அகலத்தில் தனித்தனிக் குழாயாகத் தையல் ஓட்டி, முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். 5 மீட்டர் டேப் கனமான டப்பா. தட்டையான பாக்கெட்டில் திணித்தால் துணி இழுத்துக் கிழியும். அதற்குப் பக்கவாட்டில் 4 செ.மீ. மடிப்புத் துணி கொடுக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் கையுறையோடு எடுப்பதாக இருந்தால் எல்லா வாய்க்கும் 2 செ.மீ. கூட்டுங்கள். நீளமான எதையும் முன் இடுப்புப் பாக்கெட்டில் வைக்க வேண்டாம், குந்தும்போது வயிற்றில் குத்தும். பின் பாக்கெட்டை காலியாகவே விட்டுவிடலாம்.

துணிக்கு 280 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) டிரில், அதாவது சாய்கோட்டு நெசவுள்ள தடித்த துணி, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது. முழுப் பருத்தி கேன்வாஸ் உறுதிதான், ஆனால் நனைந்தால் கல்லாய்க் கனக்கும், மூடுபனி நாளில் மறுநாளும் காயாது. 58 அங்குல பன்னாவில் (துணியின் அகலம்) பேண்ட்டுக்கு 1.3 மீட்டர், பாக்கெட்டுகளுக்கு அரை மீட்டர் கூடுதல். பாக்கெட்டின் அடிக்கு மட்டும் பள்ளிப்பை தைக்கும் நைலான் துணியை இரட்டையாகப் போடுங்கள், ஓட்டை விழுவது அங்கேதான். தோல் வேண்டாம், நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும். இன்னொன்று: டிரில்லை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். டிரில் சுருங்கும், நைலான் சுருங்காது. ஊறவைக்காமல் தைத்தால் இரண்டாவது துவைப்பிலேயே பாக்கெட் பை மாதிரி உப்பிக்கொள்ளும்.

நூல் பாலியஸ்டர், ஊசி 16 அல்லது 18, தையல் நீளம் 3 மி.மீ. இருக்கட்டும். அதைவிட நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைப்பது தவறு. தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். பாக்கெட் வாயின் இரு மூலையிலும் பார்டாக் (மூலை பிரியாமல் இருக்கப் போடும் குறுக்குத் தையல்) அவசியம். (இதே மூலைப் பிரச்சினைக்குத்தான் அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸும் செம்பு ரிவெட்டுக்கு 1873ல் காப்புரிமை வாங்கினார்கள்.) எலக்ட்ரிக்கல் வேலைக்கு ரிவெட்டும் உலோக ஜிப்பும் வேண்டாம். நாலு அடுக்கு துணியைச் சாதாரணத் தையல் மெஷின் தாண்டாது. பாக்கெட்டை மட்டும் பஜாரில் பை ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள், அவரிடம் கனமான மெஷின் இருக்கும்.

ஈரத்துக்கு வருவோம். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனைகிறது என்றால், கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பலத்த மழை. ஒவ்வொரு பாக்கெட்டின் அடியிலும் 6 மி.மீ. பித்தளை ஐலெட் (ஓட்டைக்குப் போடும் வளையம்) இரண்டு அடித்தால் தண்ணீர் தேங்காது. எலக்ட்ரிக்கல் வேலைக்குப் போடும் உடுப்பில் இந்த உலோகமும் வேண்டாம், அடித் துணிக்குப் பதில் வலை. இரும்பு ஐலெட் மலிவு, ஆனால் துருப்பிடித்துச் சுற்றியுள்ள துணியையும் அரித்துவிடும். வெல்க்ரோவைத் தவிருங்கள், ஸ்வெட்டர் நூலும் புல் விதையும் ஒட்டிப் பிடிப்பு போய்விடும். மூடிக்கு பிளாஸ்டிக் டிச் பட்டன் (அழுத்தி மாட்டும் பட்டன்) போதும், மூடி வாயைவிட இருபுறமும் 2 செ.மீ. அகலமாக இருக்கட்டும்.

வெஸ்ட்டைத்தான் இங்கே பலர் தப்பாகத் தைக்கிறார்கள். சட்டைக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டு, மேலே ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் போட்டால் பாக்கெட் எல்லாம் உள்ளே போய்விடும். மலையில் வெஸ்ட் எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும். ஸ்வெட்டரும் ஜெர்கினும் போட்டுக்கொண்டு நின்று அளவு கொடுங்கள். இரு பக்கமும் பைக்குப் போடும் பக்கிள் வைத்து 12 செ.மீ. இறுக்கித் தளர்த்த வழி விடுங்கள். தோள்பட்டி 5 செ.மீ. அகலம், உள்ளே மெல்லிய ஃபோம். நெஞ்சின் நடுவில் 15 செ.மீ. காலியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஏணிக் கம்பியில் பாக்கெட் மாட்டும். பிளேயர் வலது, டேப் இடது என்று எடையைப் பிரியுங்கள். டெஸ்டரை ஒரு கயிற்றில் கட்டி வையுங்கள். சரிவில் விழுந்தது தேயிலைச் செடிக்குள் போனால் அதைத் தேடவே அரை நாள்.

பேண்ட், வெஸ்ட் இரண்டிலும் சேர்த்து 3 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். 14 அங்குல பைப் ரெஞ்சு ஒன்றே ஒன்றரைக் கிலோ வரும், அது பையிலேயே இருக்கட்டும். மெயின் போர்டு திறக்கும்போது வெஸ்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தேவையான கருவியை மட்டும் எடுங்கள். குனியும்போது பாக்கெட்டில் நீட்டியிருக்கும் உலோகம் பஸ்பாரில் (போர்டுக்குள் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) படலாம். பிடியில் 1000 வோல்ட் முத்திரை இருந்தாலும் ஈரப் பாக்கெட்டிலிருந்து எடுத்ததைத் துடைக்காமல் பிடிக்கக் கூடாது. வெல்டிங்கும் செய்வதாக இருந்தால் இந்த உடுப்பு ஆகாது: நைலான் உருகும், மூடியில்லாத பாக்கெட்டில் தீப்பொறி விழும்.

ராத்திரி கருவி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், பிளேயர் மூட்டில் ஒரு சொட்டு மெஷின் ஆயில். பாக்கெட்டுகளை உள்புறம் வெளியே திருப்பி, பேண்ட்டைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்; அடி இரட்டைத் துணி என்பதால் அதுதான் கடைசியில் காயும்.