கமடோர் நிறுவனம் ஏன் வீழ்ந்தது?

கமடோர் 64 கணினி அவ்வளவு விற்றும் அதைத் தயாரித்த கமடோர் நிறுவனம் ஏன் திவாலானது என்று கேட்டிருக்கிறீர்கள். 1970களில், கால்குலேட்டர் தயாரித்துவந்த கமடோருக்கு அதற்கான சில்லுகளை விற்றுவந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம், தானே மலிவான கால்குலேட்டர்களைச் சந்தையில் இறக்கியதால் நொடித்துப்போகும் நிலைக்கு வந்த கமடோர் நிறுவனர் ஜாக் டிராமியல், இனிப் பிறர் கையை எதிர்பார்ப்பதில்லை என்று 1976இல் மாஸ் டெக்னாலஜி என்ற சில்லு நிறுவனத்தையே வாங்கினார். அதனால்தான் 1982இல் 595 டாலருக்கு வந்த கமடோர் 64இன் விலையை மறு ஆண்டே ஏறத்தாழ 200 டாலராகக் குறைக்க முடிந்தது. பழைய எதிரியான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வீட்டுக் கணினிச் சந்தையை விட்டே வெளியேறியது. ஆனால் 1984 ஜனவரியில், நிறுவனத் தலைவர் இர்விங் கூல்டுடன் முரண்பட்டு விலகிய டிராமியல், அதே ஆண்டில் வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கிப் போட்டியாளராகவே வந்து நின்றார். அமிகா என்ற அருமையான கணினி கையில் இருந்தும் அதை உரிய வேகத்தில் மேம்படுத்தாத நிர்வாகமே, என் பார்வையில், 1994 ஏப்ரலில் நேர்ந்த வீழ்ச்சிக்கு முதற்காரணம்.