வெள்ளைக் கல்லும் கருங்கல்லும்

வணக்கம் ஐயா,

பூநகரியில் எங்கள் வளவில் கிணறு வெட்டியபோது வெள்ளைக் கல் வந்தது. வீட்டு அத்திவாரத்துக்கு வவுனியாப் பக்கமிருந்து கருங்கல் இறக்கினோம். தரம் 9 படிக்கும் மகன் இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்து, வெள்ளை அடையற்பாறை, கருங்கல் தீப்பாறை என்று ஒப்பிட்டு எழுதப் போகிறான். எழுதலாமா?

– ஒரு தாய், பூநகரி

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளைக் கல்லைப் பற்றி அவன் தாராளமாக எழுதலாம். கருங்கல்லில்தான் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

உங்கள் கிணற்றில் வந்தது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அந்தக் காலம் சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. யாழ்ப்பாணம், பூநகரி, மன்னார்க் கரையெல்லாம் அப்போது ஆழமில்லாத கடல். சிப்பி, பவளம், சிற்றுயிர்களின் ஓடுகள் அடியில் சேர்ந்து சேர்ந்து இறுகிக் கல்லாகின; இப்படி அடைந்து உருவானதுதான் அடையற்பாறை. புதிதாக உடைத்த பக்கத்தைக் கழுவி வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டின் வளைவோ, சிப்பி கரைந்துபோன குழியோ தெரியலாம். இரும்பாணியால் கீறினால் கோடு விழும். தூளாக்கி வினாகிரி விட்டால் நுரைக்கும்.

தீப்பாறையில் இவை எதுவும் நடக்காது. நிலத்தடியில் உருகிய குழம்பு மெல்ல ஆற, படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்து, இடைவெளி இல்லாமல் கோத்துக்கொள்கின்றன. கருங்கல்லிலும் அந்தக் கோப்பு உண்டு. ஆனால் உங்கள் கல்லைத் திருப்பிப் பாருங்கள்: கறுப்பும் வெளிறலும் மாறி மாறி வரியாக ஓடுகிறதா? அப்படியென்றால் அது நைஸ், உருமாறிய பாறை. வவுனியாவின் அடிப்பாறை பெரும்பாலும் இந்த வகை. புவியியலாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே வன்னித் தொகுதி! சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து நசுங்கியவை இவை. பல கற்கள் அதற்கு முன் தீப்பாறையாகவே இருந்தன, அதனால்தான் இந்தக் குழப்பம்.

அசல் தீப்பாறை அதே லொறிக் கல்லுக்குள் கிடைக்கக்கூடும். வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு நரம்பு போகிறதா என்று தேடட்டும். அதில் பெல்ஸ்பார் என்ற கனிமம் நகக்கண் அளவுக்கு மினுங்கும், மைக்கா என்ற கனிமம் தகடு தகடாக உரியும். பெக்மடைட் என்பார்கள். வெள்ளைக் கல்லோடு ஒப்பிட அந்தத் துண்டைத்தான் கொண்டுபோக வேண்டும்.

இது பாடத்தோடு நிற்கிற விஷயமில்லை. வன்னியின் உட்பகுதியில் அடிப்பாறை நீரைக் கீழே விடாது. வெடிப்பு உள்ள இடத்தில் கிணறு ஊறும், பக்கத்து வளவில் வெட்டினால் ஊறாமலே போகும். மழைநீரை மேலேயே மறித்துக் குளம் கட்டிய நம் முன்னோர் நிலத்தை அறிந்து கட்டினார்கள். சுண்ணாம்புக்கல்லோ மழைநீரில் கரைந்து வெடிப்பும் பொந்துமாகி நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். யாழ்ப்பாணம் கிணற்றை நம்பி வாழ்வது அதனால்தான்.

புதுக் கிணறு என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வெடிப்புகளுக்குள்ளால் போகும் நீர், மண்ணில் வடிவது போல வடிகட்டப்படாது. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து வளவு இடம்கொடுக்கும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். அத்திவாரம் போட்டு முடிக்கமுன் இதை மேசனிடமும் சொல்லிவிடுங்கள்.