ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவார்களா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. 2022-ல் ஒரு செல்போன் திருட்டு வழக்கில், "ஒத்துக்கோ, உள்ளே இருந்த நாளோடு விட்டுடுவாங்க" என்றார்கள். அப்படியே ஆயிற்று. போன மாதம் சந்தையில் செல்போன் திருடியதாக மறுபடி ரிமாண்ட் ஆகியிருக்கிறான். இந்தத் தடவையும் ஒத்துக்கொள்ளச் சொல்லட்டுமா? 'மேலே மூணு கேஸ் இருக்கு' என்கிறது போலீஸ்.
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. இருந்த நாளோடு விட்டதற்குப் பெயர் விடுதலை இல்லை, தண்டனை. கோர்ட் வராந்தாவில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எல்லோருக்கும் ஃபைல் முடிந்தால் போதும்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில், முதல் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வெறும் அபராதத்தோடும் முடியலாம். இரண்டாவது தண்டனை என்றால் குறைந்தது ஓராண்டு கடுங்காவல், அதிகபட்சம் ஐந்து. அந்த ஓராண்டுக்குக் கீழே மாஜிஸ்திரேட் நினைத்தாலும் இறங்க முடியாது. ஒரே குற்றத்தில் முன்பு தண்டனை பெற்றவருக்குத் தண்டனைக் குறைப்புப் பேரம் (குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்குச் சட்டப்படி பேசி முடிப்பது) பேசும் வழியும் கிடையாது.

ஆனால் மூன்று கேஸ் என்பது மூன்று தண்டனை ஆகாது. நிலுவை வழக்கு கணக்கில் வராது. பழைய தண்டனையைக் காட்டிக் கூடுதலாகக் கேட்பதென்றால், அதன் தேதி, இடம், விவரம் குற்றச்சாட்டில் எழுதப்பட வேண்டும்; விட்டுப்போயிருந்தால் தண்டனை விதிக்கும் முன் சேர்க்கவும் செய்யலாம். உங்கள் மகன் மறுத்தால் அரசுத் தரப்பு சான்றிட்ட நகலோடு நிரூபிக்க வேண்டும். இன்னொன்று: 2022 தண்டனை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவில் வந்தது. புதிய சட்டமோ 'இந்தப் பிரிவின் கீழ்' இரண்டாம் தண்டனை என்கிறது. இதில் வாதாட இடமிருக்கிறது. வாயைத் திறந்து எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டால் பழைய தண்டனையை நிரூபிக்கும் வேலை அரசுத் தரப்புக்கு இல்லாமல் போகும், மேல்முறையீடும் தண்டனை அளவு, அதன் சட்டப்படியான தன்மை என்ற அளவில் சுருங்கிவிடும்.

திருடியது நிஜம், போனும் கையில் சிக்கியது என்றால் ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. அதைக் குற்றப்பத்திரிகை நகலைப் படித்த பிறகு ஒரு வக்கீல் முடிவு செய்யட்டும். ரிமாண்ட் நாட்கள் எப்படியும் தண்டனையில் கழியும். பணமில்லாவிட்டால் 15100-க்குப் போன் செய்து சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலைக் கேளுங்கள், செலவில்லை. கூடவே 2022 தீர்ப்பின் நகலுக்கு இப்போதே மனுப் போடுங்கள்.